தவளைக் கண் காரும் வீட்டுப் பட்டறையும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து லயங்களின் பக்கம் நடந்து போனால் ஒரு காட்சியைக் காணலாம். வாசலில் பழைய சாக்கு விரித்திருக்கும். அதன்மேல் ஸ்பேனர்களும் ஸ்குரு டிரைவரும் கிடக்கும். நடுவில் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் பாதி கழற்றிய கோலத்தில் நிற்கும். சுற்றி நாலைந்து இளைஞர்கள் குந்தியிருப்பார்கள். ஒருவன் கழற்றுவான், மற்றவர்கள் யோசனை சொல்வார்கள். வீட்டுக்குள்ளிருந்து தாயார், "சாப்பிட வாடா" என்று மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இளைஞர்களுக்கு அண்ணன்மார் என்று சொல்லத்தக்க ஒரு கூட்டத்தார் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்கள் கழற்றுவது மோட்டார் சைக்கிளை அல்ல. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேற்கூரை இல்லாத, சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் காரை. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் செய்யப்பட்ட கார்களை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, துருவை வெட்டியெறிந்து, மாற்ற வேண்டியதை மாற்றி, இன்றைக்கும் சாலையில் ஓட்டுகிறார்கள். எதை முதலில் செய்கிறார்கள், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், எந்த இடத்தில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது என்பவற்றை இன்று நாம் பார்க்கப் போகிறோம். கார் வேறு, மோட்டார் சைக்கிள் வேறுதான். ஆனால் பிரேக்கும் கிரீசும் துருவும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

பல கார்களைப் பேசிக் குழம்பாமல் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட். 1958ஆம் ஆண்டு மே மாதம் மோண்டி கார்லோ நகரில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. டானல்ட் ஹீலி என்பவரும் அவருடைய குழுவினரும் அதை வடிவமைத்தார்கள். ஆபிங்டன் என்ற ஊரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் அது உருவாயிற்று. வரியோடு சேர்த்து விலை 669 பவுன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள் என்று இருந்த காலத்தில் அது மலிவான விலை.

அந்தக் காரின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். முன்விளக்குகள் இரண்டும் இஞ்சின் மூடியின்மேல் உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வேண்டும்போது எழும்பி, வேண்டாதபோது படுத்துக்கொள்ளும் விளக்குகளாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். செலவு கூடும் என்று அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, நின்றபடியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அதற்குத் 'தவளைக் கண்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் அதுவே 'பூச்சிக் கண்' ஆயிற்று. கதவுக்கு வெளிப்புறப் பிடி கிடையாது. பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு மூடியும் கிடையாது. இருக்கைக்குப் பின்னால் தலையை நுழைத்துத்தான் பெட்டியை வெளியே இழுக்க வேண்டும். இஞ்சின் 948 சி.சி.; வலு 43 குதிரைச் சக்தி. 

அப்படியானால் அந்தக் காருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? காரணம் அதன் உறுப்புகளில் இருக்கிறது. விலையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, அன்றாடம் சாலையில் ஓடிய சாதாரணக் கார்களின் உறுப்புகளை எடுத்து இதில் வைத்தார்கள். இஞ்சின் ஆஸ்டின் ஏ35 என்ற குடும்பக் காரினுடையது. ஸ்டியரிங் மோரிஸ் மைனரிலிருந்து வந்தது. நம் நாட்டில் ஒருகாலத்தில் மோரிஸ் மைனர் ஓடியதை முதியவர்கள் அறிவார்கள். அதன் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் ஸ்பிரைட்டின் இஞ்சினையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். 'ஏ வரிசை' எனப்பட்ட அந்த இஞ்சின் 1951இல் பிறந்தது. சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. ஐம்பது ஆண்டு உற்பத்தியான ஒரு பொருளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கடினமா? மேலும், ஸ்பிரைட்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, ஒரே மூடியாக மேலே எழும்பும். முதலை வாய் திறந்தாற்போல் திறந்து வைத்துக்கொண்டு, இஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யலாம்.

உறுப்பு கிடைத்தால் மட்டும் போதாது. செய்முறை தெரிய வேண்டும். அந்தக் கதையில் தோட்டத்துச் சம்பந்தம் ஒன்று உண்டு என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1938ஆம் ஆண்டில் இலங்கையில் ஜான் ஹேன்ஸ் என்பவர் பிறந்தார். அவருடைய தந்தை அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேலாளர். நம் பெரியவர்கள் பேச்சில் சொன்னால், தோட்டத்துத் துரை. மகனுக்குக் கார்மேல்தான் ஆசை. பள்ளியில் படிக்கும் காலத்திலேயே பழைய ஆஸ்டின் 7 கார் ஒன்றை வாங்கி, அதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக் கட்டினார். கட்டியதோடு நிற்காமல், எப்படிக் கட்டினோம் என்று ஒரு சிறு கையேடும் எழுதினார். 250 பிரதிகளும் சில நாளில் விற்றுப் போயின.

பிறகு அவர் பிரிட்டனின் விமானப் படையில் சேர்ந்தார். 1965இல் ஏடன் நகரில் பணியாற்றியபோது, கூட வேலை செய்த ஒருவர் தம் தவளைக் கண் ஸ்பிரைட்டைச் சீர்செய்ய அவருடைய உதவியைக் கேட்டார். தொழிற்சாலை வெளியிட்ட புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். அது பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டிருந்தது. வீட்டில் இருக்கும் சாதாரண மனிதனுக்கு உதவவில்லை. ஹேன்ஸ் ஒரு கேமரா வாங்கினார். இஞ்சினைப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தார். மறுபடி பூட்டும்போதும் படம் பிடித்தார். படத்துக்குப் பக்கத்தில் எளிய சொற்களில் செய்முறையை எழுதினார். அந்தப் புத்தகம் 1966இல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 3,000 பிரதிகளும் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிட்டன. பின்னர் நூற்றுக்கணக்கான கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் அதே முறையில் நூல்கள் வந்தன. 2019இல் ஹேன்ஸ் காலமானார். அவருடைய முதல் கார்ப் புத்தகம் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே காருக்கானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகத்தின் பலம் என்ன? எழுதியவர் தம் கையாலேயே கழற்றிப் பார்த்துவிட்டு எழுதினார். எந்தப் போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும், எது கையை வெட்டும் என்பதெல்லாம் செய்தவனுக்குத்தான் தெரியும். நம் இளைஞர்களும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். இன்று கேமரா எல்லார் சட்டைப் பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. கழற்றுவதற்கு முன் ஒரு படம். கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளைக் காலி மைலோ டின்களில் தனித்தனியே போட்டு, எது எந்த இடத்தது என்று காகிதத்தில் எழுதி ஒட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி வைத்துவிட்டு, பூட்டி முடித்ததும் இரண்டு போல்ட் மிச்சம் என்று சிரிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வண்டியில் ஏறுகிறவர்களுக்கு அது சிரிப்பல்ல.

சரி, பழைய ஸ்பிரைட் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. சொந்தக்காரர் எதில் கை வைக்க வேண்டும்? இளவயதுக்காரருக்கு இஞ்சின் மேல்தான் கண் போகும். அனுபவசாலியோ ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு காருக்கடியில் குனிவார். லேசாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த தகடு பொத்தென்று சத்தம் போடும். சில இடங்களில் சுத்தியல் உள்ளேயே போய்விடும்.

இதன் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். லோரிக்கு அடியில் கனத்த இரும்புச் சட்டம் இருக்கிறது; உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரைட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. மடித்துப் பற்றவைத்த தகடுகளே எலும்பு, அவையே தோல். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குச் 'சில்' என்று பெயர். மேற்கூரை இல்லாத காரை நடுவில் மடங்காமல் தாங்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பின்பக்க வில்பட்டைகளின் முன்முனை இருக்கைக்குப் பின்னால், தரைத் தகட்டோடு சேர்ந்த ஒரு பெட்டிக்குள் செருகப்பட்டிருக்கும். பின்சக்கரங்கள் வாங்கும் அடியெல்லாம் அந்தப் பெட்டியில்தான் போய் விழும். அந்த இடம் துருவால் அரிக்கப்பட்டிருந்தால், மேலே எவ்வளவு பளபளப்பான சாயம் அடித்திருந்தாலும் அந்தக் கார் ஓட்டத் தகுதியற்றது.

சில்லை மாற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழையதை வெட்டி எடுத்ததும் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதியதைப் பற்றவைத்தால் பிறகு கதவு மூடாது. கார் என்றைக்கும் கோணல்தான். எனவே வெட்டுவதற்கு முன்பே கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புச் சட்டம் பூட்டி, அளவு மாறாமல் பிடித்து வைப்பார்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவார்கள். பற்றவைக்கத் தெரியாதவர்கள் தாங்களே பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுவதும் உண்டு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்னொன்று: பற்றவைக்கும் முன் பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். டாங்கி காலியாகத்தானே இருக்கிறது என்று சொல்லக்கூடாது. பெட்ரோல் நிறைந்த டாங்கியைவிட, ஆவி நிறைந்த காலி டாங்கிதான் வெடிக்கும். டாங்கியையே பற்றவைப்பது வீட்டில் செய்யும் வேலையே அல்ல.

அடுத்தது பிரேக். ஸ்பிரைட்டின் முதல் கார்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்மைக் கழற்றினால் உள்ளே கருநிறத் தூள் படிந்திருக்கும். வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயைக் காட்டி அடிப்பதும் பட்டறைகளில் பார்க்கும் பழக்கம். அதைச் செய்யவே கூடாது. பழைய பிரேக் லைனிங்குகளிலும் கிளச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் கலந்திருந்தது. அதன் தூளை மூச்சோடு உள்ளே இழுத்தால் நுரையீரலில் தங்கிவிடும். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுக்குப் பிறகுகூடப் புற்றுநோயாகக் கிளம்பும். பிரிட்டனில் 1999இல் ஆஸ்பெஸ்டாசை முற்றாகத் தடை செய்தார்கள். ஆனால் அதற்கு முன் பூட்டப்பட்ட லைனிங் எங்காவது ஒரு பழைய வண்டியில் இன்னும் இருக்கலாம். ஆகவே ஈரத் துணியால் தூளை நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். வேலை செய்த சட்டையோடு குழந்தையைத் தூக்கக்கூடாது.

பிரேக் குழாய்களின் முனையில் சிறு சிறு ரப்பர்க் கிண்ணங்கள் இருக்கும். மிதியை அமுக்கும்போது எண்ணெயை வெளியே கசியவிடாமல் தடுப்பவை அவைதாம். அன்றைய பிரேக்குகளில் இருந்தவை இயற்கை ரப்பர். அதாவது நீங்கள் வெட்டும் பால்மரத்துப் பாலிலிருந்து வருவது. அந்த ரப்பரின் குணம் உங்களுக்கே தெரியும். பெட்ரோலில் போட்டால் ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று ஆகிவிடும். அந்தக் குணத்தை வைத்துத்தான் பஞ்சர் ஒட்டும் பசையே செய்கிறார்கள். இதை மறந்து, பிரேக் உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவினாலும், பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக இஞ்சின் எண்ணெயை ஊற்றினாலும் கிண்ணங்கள் வீங்கும். முதலில் பிரேக் இறுகும்; பிறகு ஒருநாள் பிடிக்கவே பிடிக்காது. பிரேக் எண்ணெய் என்பது வேறு வகை. அது ரப்பரை ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீர் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியை எவ்வளவு அமுக்கினாலும் பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

புது எண்ணெய் ஊற்றியபின் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. இங்கிலாந்து வீடுகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் மனைவியோ மகளோ அகப்படுவார்கள். ஒருவர் இருக்கையில் அமர்ந்து மிதியில் கால் வைப்பார். மற்றவர் சக்கரத்தருகே படுத்து, சிறு திருகை அவிழ்த்து, அதில் செருகிய குழாயின் மறுமுனையை எண்ணெய் இருக்கும் போத்தலில் விட்டிருப்பார். "அமுக்கு" என்றால் அமுக்க வேண்டும். குமிழியோடு எண்ணெய் வரும். திருகை இறுக்கிய பிறகே "விடு" என்று சொல்வார். அதற்கு முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் இப்படியே. அமுக்கு, விடு, அமுக்கு, விடு என்று ஒரு மணி நேரம் போகும். குடும்பத்தில் சண்டை வராமல் இந்த வேலையை முடித்தவர்கள் குறைவு என்று சொல்வார்கள்.

கிரீஸ் விஷயத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுபதுகளில் நாம் ஒரு பழைய மோரிஸ் மைனர் வைத்திருந்தோம். முன்சக்கரத்தைத் தாங்கும் அடி மூட்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. குறித்த மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததையும் படித்திருந்தோம். இந்த வாரம், அடுத்த வாரம் என்று ஓராண்டு ஓடிவிட்டது. ஒருநாள் மாலை, தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்தில் மெதுவாக வளைத்தபோது படீரென்று ஒரு சத்தம். இடப்பக்க முன்சக்கரம் காருக்கடியில் மடங்கிப் படுத்துவிட்டது. தேய்ந்துபோன மூட்டு திருகிலிருந்து கழன்று வந்திருந்தது. பின்இருக்கையில் பிள்ளைகள் மூவர். அன்று காலையில்தான் அதே காரில் பெரிய சாலையில் ஐம்பது மைல் வேகத்தில் போய்வந்திருந்தோம். குற்றம் காரினுடையதல்ல, ஒரு நிமிட வேலையைத் தள்ளிப்போட்ட நம்முடையதே. ஸ்பிரைட்டின் முன்மூட்டு வேறு விதமானது என்றாலும் அதற்கும் கிரீஸ்தான் உயிர். கிரீஸ் காணாத ஊசிகள் தேய்ந்து ஆடும். சில துருவேறி இறுகி, எந்த ஸ்பேனருக்கும் அசையாமல் போகும்.

இத்தனையும் முடிந்த பிறகு இஞ்சினுக்கு வரலாம். இது இன்பமான பகுதி. ஏ வரிசை இஞ்சினில் நான்கு சிலிண்டர், எட்டு வால்வுகள். வால்வை அமுக்கும் கைக்கும் வால்வுக்கும் நடுவே ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் பன்னிரண்டு பங்கு அளவே இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் இஞ்சின் டக்டக்கென்று அடிக்கும். குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும். அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய எஃகுத் தகடு போதும். எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அதை ஒன்பது கணக்கு என்பார்கள். இஞ்சினைக் கையால் சுற்றும்போது எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருந்தால் ஒன்றாம் வால்வைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. திறந்திருப்பதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதுதான் சரிசெய்ய வேண்டியது. நான்காம் வகுப்புப் பிள்ளைகூடப் பக்கத்தில் நின்று எண் சொல்லலாம்.

ஸ்பிரைட்டில் எஸ்.யூ. என்ற வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் இஞ்சின் சீராக ஓடும். இதற்கு விலை உயர்ந்த கருவிகள் விற்கிறார்கள். வீட்டுக்காரர்களோ ஒரு முழ ரப்பர்க் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்துக் கேட்பார்கள். உஸ்ஸென்ற சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்புவார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போலத்தான்.

இனி மாற்றியமைப்பது. பின்னாளில் இதே காரும் அதன் இரட்டைப் பிறவியான எம்.ஜி. மிட்ஜெட்டும் 1275 சி.சி. இஞ்சினோடு வந்தன, அதற்கு 65 குதிரைச் சக்தி. ஒரே குடும்பத்து இஞ்சின் என்பதால், அதைத் தவளைக் கண்ணுக்குள் வைக்கும் ஆசை பலருக்கு வரும். வைக்கவும் வைக்கிறார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள். வலு பழைய அளவுக்குமேல் பாதி கூடிவிட்டது. பிரேக்கோ 1958ஆம் ஆண்டின் டிரம். தொழிற்சாலையே 1962இல் இஞ்சினை 1098 சி.சி. ஆக்கியபோது முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தது. எனவே விவரம் தெரிந்தவர்கள் பிந்திய கார்களின் டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்தில் முதலில் பொருத்துகிறார்கள். பெரிய இஞ்சின் அதற்குப் பிறகுதான். நம் இளைஞர்கள் சிலர் முதல் மாதச் சம்பளத்தில் புகைபோக்கியை மாற்றுகிறார்கள். சத்தம் கூடுகிறது, தேய்ந்த பின் டயர் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் அண்ணன்மாரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு சில மாற்றங்கள் வேகத்துக்காக அல்ல, வசதிக்காக. டைனமோவை எடுத்துவிட்டு அல்டர்னேட்டர் வைக்கிறார்கள். இரவில் விளக்கு மங்காது. நான்கு கியர் பெட்டிக்குப் பதில் ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துகிறார்கள். நெடுஞ்சாலையில் இஞ்சின் அலறாது. சில மாற்றங்களைக் காலமே கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பழைய இஞ்சின்களில் வால்வு வந்து உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். அது போனபின், கடினமான எஃகு வளையங்களை அந்த இடத்தில் பதித்துக்கொள்கிறார்கள். இது கடைசல் இயந்திரம் உள்ள பட்டறையின் வேலை. 2021இல் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரித்து வெடிக்கச் செய்யும். சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஈடுகொடுக்கும் புதுக் குழாய்களை மாற்றுவது சில பவுன் செலவுதான்.

அரசாங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறதா என்று கேட்பீர்கள். பிரிட்டனில் பழைய கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை 1960இல் தொடங்கியது. 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது ஆண்டு தாண்டிய கார்களுக்கு அந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளித்தார்கள். ஆனால் காரின் அடிப்படை அமைப்பைப் பெரிதாக மாற்றியிருந்தால் விலக்கு இல்லை. அதே குடும்பத்து இஞ்சினில் பெரிய அளவை வைப்பது பெரிய மாற்றமாகக் கருதப்படுவதில்லை. முற்றிலும் வேறு இஞ்சினைத் திணித்தால் கருதப்படலாம். மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். விலக்கு இருந்தும், தாமாகவே பரிசோதனைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. தன் கை வேலையை இன்னொரு கண் பார்ப்பது நல்லது என்பது அவர்கள் எண்ணம். நமக்கும் அது சரியென்றே படுகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. காருக்கடியில் படுத்து வேலை செய்வதைப் பற்றியது. ஸ்பிரைட் எடை குறைந்த கார்தான். ஆனாலும் அறுநூறு கிலோவுக்கு மேல். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. எண்ணெயால் இயங்கும் ஜாக்கி அறிவிப்பில்லாமல் இறங்கும். திருகு ஜாக்கி சாயும். தூக்கியதும் வலுவான இரும்பு ஸ்டாண்டுகளைக் கெட்டியான தரையில் வைத்து, காரை அவற்றின்மேல் இறக்கி, கையால் ஓங்கி அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பது கூடாது; செங்கல் பாரத்தில் திடீரென்று பிளக்கும். வேலை நடக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இது இங்கிலாந்துக்கு மட்டும் சொல்லும் செய்தியல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, மாதக்கணக்கில் பிரித்துக் கட்டிய கார் முதல்முறை வெளியே வரும் நாள். சாயம் பூசியாயிற்று, அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள், ஓர் ஓட்டு ஓட்டிக் காட்ட ஆசையாக இருக்கும். விவரம் தெரிந்தவர் முதலில் காரை நிறுத்தி வைத்தபடியே மிதியை அமுக்கி, ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருப்பார். மிதி மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். இறங்காவிட்டால் நடக்கும் வேகத்தில் பத்துக் கெஜம் ஓட்டி நிறுத்துவார். பிறகு இருபது மைல் வேகத்தில். கார் ஒருபக்கமாக இழுக்கிறதா என்று பார்ப்பார். மேட்டில் நிறுத்திக் கைப் பிரேக்கை இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்குத் திரும்பியதும் ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார், ஈரம் இருக்கிறதா என்று. ஐம்பது மைல் ஓடியபின் சக்கரத் திருகுகளை மறுபடி இறுக்குவார். அதற்குப் பிறகுதான் பக்கத்து இருக்கையில் மனைவியை ஏற்றிக்கொண்டு, கூரை மடக்கி, ஊர்ச் சாலையில் போவார். பிரேக் மிதியை நூறு தடவை அமுக்கி விட்டவர் அவர்தானே. முதல் சவாரி அவருக்குத்தான்.